எலக்ட்ரானைக் கைமாற்றும் புரதங்கள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவாசச் சங்கிலியின் (உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் புரதம் புரதமாகக் கைமாறி ஆக்சிஜனைச் சேரும் வரிசையின்) படத்தைக் கரும்பலகையில் வரையும்போது ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த அம்புக்குறியைப் பற்றித்தான். இரண்டு புரதங்களும் எப்படிச் சந்திக்கின்றன? ஆள் மாறிப்போகாமல் எப்படித் தெரிந்துகொள்கின்றன? வேலை முடிந்ததும் எப்படிப் பிரிகின்றன? வகுப்பில் அவசரமாகச் சொன்னதை இங்கே பொறுமையாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சைட்டோகுரோம் சி என்ற ஒரே புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன். இந்தத் துறையில் அதைப் போலத் துருவிப் பார்க்கப்பட்ட புரதம் வேறு இல்லை.

எந்தப் புரதங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மூன்றாம் தொகுதி, நான்காம் தொகுதி என்று இரண்டு பெரிய புரதக் கூட்டங்கள் பதிந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சவ்வின் வெளிப்புறத்தில் அலைந்து திரிவது சைட்டோகுரோம் சி. மனிதரிலும் குதிரையிலும் அது 104 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். அதன் வயிற்றுக்குள் இரும்பு அணு பொதிந்த ஹீம் இருக்கிறது. மூன்றாம் தொகுதியிடம் ஓர் எலக்ட்ரானை வாங்கி நான்காம் தொகுதியிடம் கொடுப்பது அதன் வேலை. அப்படி நான்கு எலக்ட்ரான்கள் போய்ச் சேர்ந்தால், நாம் மூச்சில் இழுத்த ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நீராக மாறும்.

இலையில் இதே வேலையைச் செய்வது பிளாஸ்டோசயனின் என்ற நீலநிறப் புரதம். அதில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு. சைட்டோகுரோம் எஃப் என்ற புரதத்திடம் வாங்கி, 'ஒளித்தொகுதி ஒன்று' என்ற, ஒளியை வாங்கும் புரதக் கூட்டத்திடம் கொடுக்கும். ஒளித்தொகுதி ஒன்றிலிருந்து எலக்ட்ரானை அடுத்து எடுத்துச் செல்வது இரும்பும் கந்தகமும் கொண்ட ஃபெரிடாக்சின்.

இரண்டும் மோதிக்கொண்டால் போதாதா? அடையாளம் எதற்கு?

எங்கே மோதுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சைட்டோகுரோம் சி-யின் குறுக்களவு ஏறத்தாழ 30 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). ஹீமின் ஓர் ஓரம் மட்டும்தான் வெளியே எட்டிப் பார்க்கிறது. புரதத்தின் மொத்த மேற்பரப்பில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. மற்ற இடமெல்லாம் எலக்ட்ரானுக்குச் சுவர் மாதிரி.

எலக்ட்ரான் அந்தச் சுவரை ஏறித் தாண்டுவதில்லை. குவாண்டம் விதிப்படி ஊடுருவிச் செல்கிறது. சுரங்க விளைவு என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். 1966-ல் டி வால்ட், சான்ஸ் இருவரும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவைக் கடுங்குளிரில் வைத்து அளந்தபோது, ஒரு கட்டத்துக்குக் கீழே வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போனாலும் எலக்ட்ரான் மாற்றத்தின் வேகம் குறையவில்லை. ஏறிக் கடக்கும் வினையாக இருந்தால் குளிரில் நின்றுபோயிருக்கும்.

இந்த ஊடுருவல் தூரத்தைப் பொறுத்து வேகமாகத் தேய்கிறது. புரதங்களுக்குள் ஒவ்வொரு 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடும்போதும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். உயிருக்குப் பயன்படும் வேகத்தில் நடக்க வேண்டுமானால், கொடுக்கும் மையத்தின் விளிம்புக்கும் வாங்கும் மையத்தின் விளிம்புக்கும் இடையே 14 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1999-ல் டட்டன் குழுவினர் பல புரதங்களின் கட்டமைப்புகளை ஆராய்ந்து வகுத்துத் தந்த எல்லை. சைட்டோகுரோம் சி முதுகைக் காட்டி மோதினால் ஹீம் அதைவிடத் தொலைவில் போய்விடும். ஆக, அடையாளம் காண்பது என்றால் 'இவர் யார்' என்று தெரிவது மட்டும் அல்ல, 'எந்தப் பக்கத்தைக் காட்டி நிற்க வேண்டும்' என்பதும் சேர்ந்தது.

கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பின்னே எப்படித் தெரிகிறது?

முதலில் தெரிவது மின்னூட்டம். குதிரையின் சைட்டோகுரோம் சி-யின் 104 அமினோ அமிலங்களில் 19 லைசின் வகை. நடுநிலை நீரில் லைசினுக்கு நேர்மின்னூட்டம். இவற்றில் ஒரு கூட்டம், சங்கிலியில் 13, 72, 86, 87 போன்ற இடங்களில் உள்ளவை, ஹீமின் ஓரம் எட்டிப் பார்க்கும் அந்தச் சின்ன வாசலைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. எதிரே வரும் கூட்டாளிகளின் முகத்தில் எதிர்மின்னூட்டம் உள்ள ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் இருக்கின்றன.

இது ஊகம் அல்ல. 1970-களில் மார்கோலியாஷ், மில்லெட் போன்றோரின் ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு லைசினாக எடுத்து அதன் மின்னூட்டத்தை வேதிமுறையில் அழித்துப் பார்த்தார்கள். வாசலைச் சுற்றியுள்ள லைசினைத் தொட்டால் வினை தளர்ந்தது. முதுகுப்பக்க லைசினை மாற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சைட்டோகுரோம் சி அதே முகத்தைத்தான் காட்டுகிறது என்பதும் அந்தச் சோதனைகளிலேயே தெரிந்தது. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு நுட்பம் உண்டு. மின்னூட்டங்கள் புரதத்தின் மேல் சமமாகப் பரவியில்லாததால் சைட்டோகுரோம் சி ஒரு காந்த ஊசி போலவே நடந்துகொள்கிறது. மின்புலத்தில் திரும்பும் ஊசி. அதன் இருமுனைத் திருப்புதிறன் 300 டிபைக்கும் மேல் (நீர் மூலக்கூறுக்கு 2-க்கும் குறைவு). அந்த ஊசியின் நேர்முனை ஹீமின் வாசலுக்கு அருகே வெளிவருகிறது. எனவே கூட்டாளி இன்னும் தொலைவில் இருக்கும்போதே புரதம் சரியான முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மோதிய பின் நடக்கிறது என்று நினைத்திருந்த அடையாளம், மோதுவதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே. சி.எம். செல்லுலோஸ் என்ற, எதிர்மின்னூட்டம் ஏற்றிய செல்லுலோஸ் தூளை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, உப்பு மிகக் குறைந்த தாங்கல் கரைசலில் கரைத்த சைட்டோகுரோம் சி-யை மேலே ஊற்றுங்கள். மற்ற பல புரதங்கள் வழிந்து போய்விடும். இது மட்டும் குழாயின் உச்சியில் செங்கல் நிற வளையமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். எவ்வளவு கழுவினாலும் இறங்காது. அடுத்து சோடியம் குளோரைடைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊற்றினால், ஒரு கட்டத்தில் வளையத்தின் அடிவிளிம்பு மெல்லக் கலங்கி, வளையம் முழுதாகக் கீழே நகரத் தொடங்கும். உப்பின் அயனிகள் நடுவில் புகுந்து இரு பக்க மின்னூட்டங்களையும் மறைத்துவிட்டன. செல்லுக்குள் கூட்டாளியிடம் ஒட்டுவதும் விலகுவதும் இதே விசையால்தான்.

சேகரித்த கரைசலில் சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, போட்டுப் பாருங்கள். பழுப்புச் சாயல் மறைந்து தெளிந்த ரோஜாச் சிவப்பு வரும். ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். நிறமாலைமானியில் 550 நானோமீட்டரில் ஒரு கூர்மையான முகடு எழும். 1925-ல் கேம்பிரிட்ஜில் டேவிட் கீலின் ஈஸ்ட்டிலும் பூச்சிகளின் தசையிலும் கண்ட பட்டைகளில் இதுவும் ஒன்று.

அப்படியென்றால் பூட்டும் சாவியும் போலத்தானே?

பாடப்புத்தக உவமை இங்கே வழிதவறச் செய்யும் என்பது என் கருத்து. நொதியும் அதன் வினைப்பொருளும் பற்றிப் பேசும்போது அந்த உவமை ஓரளவு பொருந்தலாம். இங்கே பொருந்தாது.

தெளிவாகப் பார்க்கக் கிடைத்த ஜோடி ஈஸ்ட்டின் சைட்டோகுரோம் சி-யும், அதனிடம் எலக்ட்ரான் வாங்கும் சைட்டோகுரோம் சி பெராக்ஸிடேஸ் என்ற நொதியும். 1980-ல் பௌலோஸும் கிரௌட்டும் இரண்டின் தனித்தனி வடிவங்களை வைத்துப் பொருத்தி, நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் கைகோக்கும் அழகான ஒரு மாதிரியைக் கற்பனை செய்தார்கள். 1992-ல் பெல்லெட்டியரும் கிரௌட்டும் ஜோடியையே படிகமாக்கிப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. மின்னூட்டப் பிணைப்புகள் எதிர்பார்த்த அளவு இல்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நீரை வெறுக்கும் பகுதிகள் அதிகம். ஹீமின் ஓரத்திலிருந்து பெராக்ஸிடேஸின் 194, 193 ஆம் அலனின்கள், 192 ஆம் கிளைசின் வழியாக 191 ஆம் டிரிப்டோஃபான் வரை எலக்ட்ரான் போகக்கூடிய ஒரு பாதையும் தெரிந்தது.

அதோடும் கதை முடியவில்லை. படிகத்துக்குள் மூலக்கூறுகள் உறைந்து நிற்கும். கரைசலில் அப்படி நிற்குமா? 2006-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உபிங்க் குழுவினர் காந்த அதிர்வு முறையில் கரைசலிலேயே பார்த்தார்கள். படிகத்தில் கண்ட அதே நிலை அங்கும் இருந்தது, ஆனால் முழு நேரமும் இல்லை. சேர்ந்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்த நிலை. மீதி 30 சதவீதம் சைட்டோகுரோம் சி கூட்டாளியின் மேல் ஒரு நிலையில் நில்லாமல் உருண்டுகொண்டும் தடவிக்கொண்டும் இருக்கிறது. இதைச் 'சந்திப்பு நிலை' என்று சொல்லலாம். மின்னூட்டம் கொண்டுவந்து சேர்க்கிறது. அதன் பிறகு புரதம் மேற்பரப்பில் தேடி, வேலை நடக்கும் இடத்தைக் கண்டடைகிறது. இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி.

சரியான இடம் வந்துவிட்டது என்று எது முடிவு செய்கிறது?

வாசலுக்கு மிக அருகே இருக்கும் நீரை வெறுக்கும் சின்னத் திட்டு. பிளாஸ்டோசயனினில் இது நன்றாகத் தெரியும். செம்பைப் பிடித்திருக்கும் 87 ஆம் ஹிஸ்டிடின் அந்தத் திட்டின் நடுவில் தலைநீட்டுகிறது. அமிலத் திட்டு பக்கவாட்டில் தனியாக இருக்கிறது. ஒன்று இழுக்கிறது, மற்றொன்று பொருந்துகிறது.

ஒரே ஓர் அமினோ அமிலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அனபீனா என்ற நீலப்பசும்பாசியின் ஃபெரிடாக்சினைச் சொல்வேன். அதன் 65 ஆம் இடத்தில் ஃபினைல்அலனின். அந்த இடத்தில் டைரோசின் அல்லது டிரிப்டோஃபானை வைத்தாலும் வேலை நடக்கிறது. மூன்றுக்கும் வளையம் உண்டு. வளையம் இல்லாத அமினோ அமிலத்தை வைத்தால், ஃபெரிடாக்சினிடம் எலக்ட்ரான் வாங்கும் ரிடக்டேஸ் நொதிக்குப் போய்ச்சேரும் வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு சரிகிறது. இத்தனைக்கும் ஜோடி சேருவது பெரிதாகக் கெடுவதில்லை. சேர்ந்து நிற்கின்றன, எலக்ட்ரான் மட்டும் போவதில்லை.

இறுகப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லதில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்கள். வாங்கிய கை நொடியில் விட வேண்டும். நடுவில் ஒருவர் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டால் மேலே தளம் காத்துக் கிடக்கும். சைட்டோகுரோம் சி நிலைமை அதைவிடக் கடினம். கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் அது அதே முகத்தைத்தான் காட்டுகிறது என்று மேலே சொன்னேன். ஒருவரைத் தொட்டுக்கொண்டே இன்னொருவரைத் தொட முடியாது. முதலாமவரை விட்டால்தான் இரண்டாமவர்.

நான்காம் தொகுதி நொடிக்குச் சில நூறு எலக்ட்ரான்களை வாங்கக்கூடியது. அப்படியானால் ஒவ்வொரு சந்திப்பும் சில மில்லிநொடிகளுக்குள் முடிந்துவிட வேண்டும். பாக்டீரியாவில் பார்னேஸ் என்ற நொதியை பார்ஸ்டார் என்ற புரதம் பிடித்து அடக்கி வைக்கிறது. அந்த ஜோடி பிரிய நாள் கணக்கில் ஆகும். அங்கே அதுதான் தேவை, ஏனென்றால் பார்னேஸ் அவிழ்ந்தால் செல்லின் ஆர்.என்.ஏ.வை வெட்டித் தள்ளிவிடும். அப்படியொரு பிடி சுவாசச் சங்கிலியில் இருந்திருந்தால் நாம் மூச்சு முட்டிச் செத்திருப்போம். அதனால்தான் எலக்ட்ரான் கைமாற்றும் ஜோடிகளின் பிணைப்பு பெரும்பாலும் மைக்ரோமோலார் முதல் மில்லிமோலார் வரையிலான தளர்ந்த பிணைப்பு. தொட்டுக்கொள்ளும் பரப்பு சிறியது, நேரடிப் பிணைப்புகள் சில. 2002-ல் ஈஸ்ட்டின் மூன்றாம் தொகுதியோடு சைட்டோகுரோம் சி ஒட்டியிருக்கும் படிகத்தை லாங்கே, ஹுண்டே இருவரும் வெளியிட்டபோதும் அதுதான் தெரிந்தது: ஹீம்கள் மிக நெருக்கம், ஆனால் பிடிமானமோ கொஞ்சம்.

எலக்ட்ரான் போய்விட்டது என்று தெரிந்துதான் விலகுகிறதா?

பெரும்பாலும் இல்லை. எலக்ட்ரான் உள்ளபோதும் இல்லாதபோதும் சைட்டோகுரோம் சி-யின் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில ஜோடிகளில் எலக்ட்ரான் மாறியதும் பிணைப்பு கொஞ்சம் தளர்கிறது. மற்றபடி எப்படியும் விலகத்தான் போகிறது. அதற்குள் எலக்ட்ரான் தாண்டியிருக்கும், ஏனென்றால் நெருங்கி நிற்கும் அந்த நிலையில் தாண்டல் மிக வேகமானது. எந்தப் பக்கம் தாண்டும் என்பதை முடிவு செய்வது மின்னழுத்த வேறுபாடு. சைட்டோகுரோம் சி-யின் ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் நாட்டத்தின் அளவு, ஏறத்தாழ 260 மில்லிவோல்ட்.

உப்பைக் கூட்டினால் வினை நின்றுவிடுமா?

குறையும். 0.15 மோலார் உப்பில், அதாவது உடல் திரவங்களின் அளவில், ஒரு மின்னூட்டத்தின் செல்வாக்கு 8 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. ஆனால் உப்பே இல்லாவிட்டால் வேகம் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல ஜோடிகளில், அனபீனாவின் ஃபெரிடாக்சினும் ரிடக்டேஸும் உட்பட, வேகம் மணி வடிவில் ஏறி இறங்குகிறது. உப்பு மிகக் குறைந்தால் மின்னூட்டங்கள் அளவுக்கு மீறி இழுத்து, வேலை நடக்காத நிலையிலேயே ஜோடியைப் பூட்டிவிடுகின்றன. கொஞ்சம் உப்பு சேர்ந்தால்தான் புரதம் புரண்டு சரியான நிலையைத் தேட முடிகிறது.

வேறு உயிரின் புரதத்தை மாற்றி வைத்தால் அடையாளம் தெரியுமா?

ஆச்சரியப்படும் அளவுக்குத் தெரிகிறது. 1986-ல் எலியின் சைட்டோகுரோம் சி மரபணுவை, அந்தப் புரதம் இல்லாத ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் சுவாசித்து வளர்ந்தது. எலிக்கும் ஈஸ்ட்டுக்கும் பொது மூதாதை நூறு கோடி ஆண்டு அளவுக்கு முந்தையது.

இதைவிட எனக்குப் பிடித்தது கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசி. நீரில் செம்பு இருந்தால் பிளாஸ்டோசயனின் செய்கிறது. செம்பு இல்லாவிட்டால் அதைக் கைவிட்டு, இரும்பு கொண்ட சைட்டோகுரோம் சி6-ஐச் செய்துகொள்கிறது. ஒன்று பட்டைகளாக மடிந்த நீலப் புரதம், மற்றொன்று சுருள்களாக மடிந்த சிவப்புப் புரதம். உறவுமுறையே கிடையாது. ஆனாலும் அதே இரண்டு கூட்டாளிகளும் இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன. மேற்பரப்பில் மின்னூட்டத் திட்டும் நீரை வெறுக்கும் திட்டும் ஒத்திருந்தால் போதும், உள்ளே யார் என்று யாரும் கேட்பதில்லை. நாஸ்டாக் என்ற நீலப்பசும்பாசியில் இந்த ஏற்பாடு தலைகீழாகவே இருக்கிறது: அங்கே பிளாஸ்டோசயனினுக்கு நேர்மின்னூட்டம், சைட்டோகுரோம் எஃப்-க்கு எதிர்மின்னூட்டம். ஜோடியாகவே மாறியிருப்பதால் வேலை நடக்கிறது.

எதிர்மின்னூட்டம் உள்ள எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டும். ஆய்வகத்தில் தவறான ஜோடிகளும் எலக்ட்ரானை மாற்றிக்கொள்கின்றன. செல் அதைத் தடுப்பது சவ்வுகளால்: யார் எந்த அறையில் இருக்கலாம் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

சோதனைக் குழாயில் கண்டது செல்லுக்குள்ளும் நடக்கிறதா?

எப்போதும் இல்லை, இதை ஒளிக்கக் கூடாது. கிளாமிடோமோனாஸின் சைட்டோகுரோம் எஃப்-இல் பிளாஸ்டோசயனினை இழுக்கும் லைசின்களை 1990-களில் கிராமர் குழுவினர் மாற்றினார்கள். குழாயில் வினை வெகுவாகத் தளர்ந்தது. உயிருள்ள பாசியிலோ அவ்வளவு பாதிப்பு இல்லை. பிளாஸ்டோசயனின் இருக்கும் இடம் தைலகாய்டின், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வுப் பையின், ஒடுங்கிய உள்ளறை. அங்கே தொலைவிலிருந்து இழுத்து வரவேண்டிய அவசியமே குறைவு. மின்னூட்டத்தைப் பற்றி மேலே நான் எழுதியதையெல்லாம் இந்த முடிவை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எல்லா ஜோடிகளும் இப்படித் தளர்வானவையா?

நைட்ரஜனேஸ் வேறு மாதிரி. அவரை, உளுந்து வேர்முடிச்சுகளில் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நொதி அது. அதன் இரும்புப் புரதம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் சுமந்துகொண்டு வந்துதான் கூட்டாளியோடு பொருந்துகிறது. ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் இரண்டு ஏ.டி.பி. செலவு, ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 16. அங்கே எலக்ட்ரான் திரும்பி ஓடிவிடக் கூடாது என்பதால் இவ்வளவு காவல்.

சைட்டோகுரோம் சி செல்லைக் கொல்லும் என்கிறார்களே, அதற்கும் இதே முகம்தானா?

ஆம். 1996-ல் சியாவ்டாங் வாங் குழுவினர் கண்டது இது: மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே கசிந்தால் செல்லின் திட்டமிட்ட சாவு தொடங்குகிறது. வெளியே அது ஆபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்கிறது. 2005-ல் எலிகளில் 72 ஆம் லைசினை மட்டும் அலனினாக மாற்றினார்கள். அந்த சைட்டோகுரோம் சி சுவாசத்துக்கு எலக்ட்ரானை வழக்கம்போல் சுமந்தது, ஆனால் ஆபாஃப்-1-ஐத் தூண்ட முடியவில்லை. சுவாசக் கூட்டாளிகள் ஒரு லைசின் போனாலும் பொறுத்துக்கொள்கின்றன, ஆபாஃப்-1 பொறுக்கவில்லை.